பிளினி சொல்லும் 'சாந்தெர்னா' வெங்காரமா?

மூசை:
ரோமானிய எழுத்தாளர் பிளினியின் 'இயற்கை வரலாறு' 33ஆம் நூலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். தட்டார்கள் (அவுரிஃபிகேஸ்) பொன்னைப் பற்றவைக்கும் க்ரிசோகொல்லாவை 'சாந்தெர்னா' என்கிறார். ஓர் அகராதி வெங்காரம் (போராக்ஸ்) என்கிறது, இன்னொன்று மாலகைட் என்ற பச்சைச் செம்புக் கனிமம். சேர்மானத்தில் வரும் 'நித்ரும்' வெடியுப்புதானே?

களிம்பு:
வெங்காரம் என்று போட்டுவிடாதீர்கள். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியச் சுரங்கவியல் அறிஞர் அக்ரிகோலாதான் வெங்காரத்தைக் க்ரிசோகொல்லா என்று எழுதினார். பிளினியிடம் அது பச்சை நிறச் செம்புக் கனிமம். சாந்தெர்னா பட்டறையில் கூட்டுவது: சைப்ரஸ் செப்புக் களிம்பு (ஏரூகோ), பருவமடையாத பையனின் சிறுநீர், நித்ரும். செம்பு உரலில் செம்புக் குழவியால் அரைக்க வேண்டும். எது எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. நித்ரும் என்பது நேட்ரான், அதாவது சோடியம் கார்பனேட் கலந்த உப்பு. வெடியுப்பு வேறு சரக்கு.

ஊதுகுழல்:
வேலை செய்வது அதிலுள்ள செம்பு. 1930களில் இங்கிலாந்தில் லிட்டில்டேல் என்ற பொற்கொல்லர் இதே முறையை மீட்டெடுத்தார். செம்பு உப்பைப் பசையில் குழைத்துத் தடவிச் சூடேற்றினால், 100 டிகிரி செல்சியஸில் உப்பு ஆக்சைடாகும், 600இல் பசை கரியாகும், 850இல் அந்தக் கரி ஆக்சைடைச் செம்பாக்கும், 890 வாக்கில் செம்பும் பொன்னும் கூடி உருகும். தனிப்பொன் உருக 1064 வேண்டும், அதனால் நகை தப்பிக்கிறது. காற்று மிகுந்த சுடரில் ஊதினால் செம்பு கறுத்து ஓடாமல் நின்றுவிடும். பசையைத் தடிமனாக அப்பிவைத்தாலோ, நகைமேல் ஒட்டும் குருமணிகள் (பொடிப் பொன்மணிகள்) பாதி மூழ்கிப்போகும். நம் பத்தர்கள் பொடி வைத்து ஊதுவது வேறு வகை, அது ஏற்கெனவே உலோகமாக உள்ள பற்றாசு (உருகி ஒட்டவைக்கும் கலவை).

மூசை:
நன்றி. அடுத்த வரியில் 'அர்கெந்தோசும்', 'ஏரோசும்' என்று இரண்டு வருகிறதே?

களிம்பு:
வெள்ளி கலந்த பொன், செம்பு கலந்த பொன். முன்னது சாந்தெர்னா பட்டதும் பளிச்சிடும். பின்னது சுருங்கி மங்கும், எளிதில் பற்றாது. செம்பு மிகுந்த பொன் சூட்டில் மேலே கருந்தோல் கட்டும், அதன்மேல் பற்றாசு பரவாது. அதற்குத்தான் பொன்னோடு ஏழில் ஒரு பங்கு வெள்ளியும் சேர்த்து அரைக்கச் சொல்கிறார். 'ஃபெரூமினாரே'யில் 'ஃபெர்ரும்' தெரிகிறதே என்று இரும்பைக் கொண்டுவராதீர்கள், பற்றவைத்தல்தான். அதே நூலில் 'கோதிகுலா' உரைகல், 'ஓப்ருஸ்ஸா' நெருப்பிலிட்டுப் பார்ப்பது. இரண்டையும் உரைகல் என்றே எழுதிய மொழிபெயர்ப்புகள் உண்டு, கவனம்.