புகைக்காதவர்களுக்கு, 40 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோய்: உங்களுக்கு மறக்காத ஒரு சம்பவம்

காவேரிக்கரை:
தம்பிக்கு அப்போது 31 வயது. பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததும், சளியில் கிருமி இல்லாமலே டிபி மாத்திரை ஆரம்பித்தார்கள். ஐந்து மாதம் ஆரஞ்சு நிறத்தில் சிறுநீர் போனது, இருமல் மட்டும் போகவில்லை. அப்புறம் பயாப்ஸி. அடினோகார்சினோமா என்ற வகை நுரையீரல் புற்றுநோய், நான்காம் கட்டம்.

இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்த கதைதான். எனக்கு மறக்காதது வேறு. ஏஎல்கே பாசிட்டிவ், அதாவது மாத்திரைக்குக் கட்டுப்படக்கூடிய ஒரு மரபணுக் கோளாறு, என்ற ரிப்போர்ட்டைப் படித்ததும் டாக்டர் சிரித்தார். "நல்ல செய்திம்மா" என்றார். மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைக் கையில் எடுத்துவிட்டேன். எறியத்தான் எடுத்தேனா, தெரியவில்லை. தம்பி அதை மெல்ல வாங்கி இருந்த இடத்திலேயே வைத்தான்.

சேலத்துக்காரன்:
எனக்கு 36. வேறொரு மரபணுக் கோளாறு: ஈஜிஎஃப்ஆர், எக்ஸான் 19. தினம் ஒரு ஒசிமெர்டினிப் மாத்திரை. ஸ்கேனுக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த பெரியவர், "ஒரு நாளைக்கு எத்தனை ஊதுவீங்க தம்பி?" என்றார். "பத்து" என்றேன். வாழ்நாளில் ஒன்றுகூட ஊதியதில்லை. இல்லை என்றால் மரபணு அது இது என்று விளக்க வேண்டும், தெம்பில்லை. "அதான்" என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். அந்த "பத்து" இன்னும் உறுத்துகிறது.

ரோஸ்1 கணவன்:
காவேரிக்கரை, டிபி மாத்திரை கொடுத்தவரைக் குறை சொல்லாதீர்கள். நம் நாட்டில் 31 வயதுக்காரர் இருமினால் முதலில் அதைத்தான் நினைப்பார்கள். சளியில் தெரியாத டிபியும் உண்டு. என் மனைவிக்கு முதல் பயாப்ஸியில் எடுத்த சதை மரபணு டெஸ்டுக்குப் போதவில்லை, மறுபடி ஊசி. அவ்வளவுதான் என் கதை. ஆனால் எல்லோரும் கேளுங்கள். கீமோவுக்கு அவசரப்படும் முன் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ரோஸ்1 மரபணுக்கள் எல்லாம் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். சதை போதாவிட்டால் ரத்தத்திலும் பார்க்கலாம். தலைவலி இல்லாவிட்டாலும் மூளைக்கு எம்ஆர்ஐ எடுங்கள், ஏஎல்கே வகைப் புற்று அங்கே பரவக்கூடியது. மெழுகில் பதித்த சதைத் துண்டான பயாப்ஸி பிளாக்கை லேபில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நுரையீரலில் இந்த ஏஎல்கே கோளாறை ஜப்பானில் கண்டுபிடித்ததே 2007இல்தான். 2011இல் அமெரிக்காவில் அதற்கான முதல் மாத்திரைக்கு அனுமதி. ஏஎல்கேவுக்கான லார்லாடினிப் மாத்திரை ஆய்வில் 5 வருடம் கழித்தும் நூற்றுக்கு 60 பேருக்கு நோய் முற்றவில்லை. அந்த டாக்டர் சிரித்ததில் என்ன தப்பு?

காவேரிக்கரை:
தப்பென்று நான் சொல்லவில்லையே, ஐயா. தம்பிக்கு ஏஎல்கே மருந்தான அலெக்டினிப் காலையில் நான்கு, இரவில் நான்கு, மூன்றாவது வருடம் ஓடுகிறது. அந்தச் சிரிப்பு இப்போது புரிகிறது. நான்காம் கட்டம் என்று கேட்ட பத்தாம் நாள் புரியவில்லை, அதைத்தான் எழுதினேன்.

சேலத்துக்காரரே, உங்கள் "பத்து" கதையைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவனுக்கு இருமல் வந்தது. இருவரும் சட்டென்று நிறுத்திவிட்டோம்.

பிளாக் எங்கே என்று நாளை லேபில் கேட்கிறேன்.