இரண்டு பேர் அமரும் துணி விமானம்: 65 குதிரைத்திறனா, 60ஆ, 80ஆ?

துணிச்சிறகு கேட்டது:

வணக்கம். இரும்புக் குழாய் உடல், துணி போர்த்திய மேல்சிறகு, பக்கம் பக்கமாக இரண்டு இருக்கை. முழுச் சுமையோடு 450 கிலோ, ஏறும் வேகம் மணிக்கு 90 கிமீ. வண்டி சக்கரத்தில் நிற்கிறது, மூக்கு மட்டும் காலி.

மூன்று எஞ்சின் கையில் கிடைக்கிற நிலையில் இருக்கிறது. ரோட்டாக்ஸ் 582 (இரண்டு ஸ்ட்ரோக், 65 குதிரைத்திறன்), ஃபோக்ஸ்வேகன் 1835 சிசி (ப்ரொப்பல்லர் நேராக கிராங்கில், 60), ரோட்டாக்ஸ் 912 (80). எனக்கு ஃபோக்ஸ்வேகன் மேல்தான் ஆசை. நான்கு ஸ்ட்ரோக், கியர்பாக்ஸ் இல்லை, ரேடியேட்டர் இல்லை, நானே பிரித்து மாட்டிவிடுவேன். 65க்கும் 60க்கும் ஐந்துதானே வித்தியாசம்? வரைபடத்தில் “50 முதல் 80 குதிரைத்திறன்” என்று மட்டும் போட்டிருக்கிறது.

மெதுவாகப்பற சொன்னது:

நண்பரே, அந்த ஐந்தை விட்டுவிடுங்கள். எஞ்சின் கொடுக்கும் குதிரைகளில் எத்தனை காற்றில் இழுக்கும் என்று பாருங்கள்.

ஃபோக்ஸ்வேகன் நிமிடத்துக்கு 3300 சுற்றில்தான் தன் 60ஐத் தரும். அந்தச் சுற்றில் 1.4 மீட்டர் ப்ரொப்பல்லரின் நுனி நொடிக்கு 242 மீட்டர் ஓடும். 1.75 மீட்டர் மாட்டினால் 300ஐத் தாண்டும். ஒலியின் வேகமே 340தான். அவ்வளவு பக்கத்தில் போனால் சத்தம்தான் வருமே தவிர இழுவை வராது. அதனால் சின்ன ப்ரொப்பல்லரைத்தான் மாட்ட வேண்டியிருக்கும். 582இல் 2.58 கியர் போட்டால் 6500 சுற்று ப்ரொப்பல்லரில் 2500 ஆகிவிடும். 1.75 மீட்டர் தாராளமாகச் சுற்றும். அது வாரும் வட்டம் ஒன்றரை மடங்குக்கு மேல் பெரியது.

உங்கள் வண்டிக்கே போட்டுப் பார்த்தேன். 90 கிமீயில் கீழே இறங்காமல் நிற்கவே 18 குதிரை போய்விடும் (காற்றுத் தடை எடையில் எட்டில் ஒரு பங்கு என்று வைத்தேன், துணி விமானத்துக்கு நியாயமான கணக்கு). இந்த மெதுவான வேகத்தில் சின்ன ப்ரொப்பல்லர் பாதியைத் தரும், பெரியது மூன்றில் இரண்டு பங்கை நெருங்கும். அப்படியென்றால் 60இல் 30, 65இல் 42. பதினெட்டைக் கழித்தால் ஏறுவதற்கு மிஞ்சுவது ஒன்றில் 12, இன்னொன்றில் 24. நொடிக்கு 2 மீட்டர், 4 மீட்டர். ஓடுபாதை முடிவில் மரம் நிற்கும்போது இந்த வித்தியாசம் வயிற்றில் தெரியும்.

அதற்காக 582ஐக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டுங்கள் என்று சொல்லவில்லை. இரண்டு ஸ்ட்ரோக்கைக் கையாள்வது ஒரு தனிப் பழக்கம். என் முதல் விமானத்தில் வேறொரு நீர்குளிர் இரண்டு ஸ்ட்ரோக் இருந்தது. எடை குறையட்டும் என்று தெர்மோஸ்டாட்டை (தண்ணீர் சூடாகும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு) நானே கழற்றிப் போட்டேன். ஒருநாள் உயரத்திலிருந்து த்ராட்டிலை மூடி நீண்ட நேரம் இறங்கினேன். ரேடியேட்டருக்குள் தண்ணீர் குளிர்ந்துகொண்டே வந்தது, நான் வெப்பமானி முள்ளைப் பார்க்கவில்லை. தாழ்ந்துவிட்டோமே என்று த்ராட்டிலை ஒரேயடியாகத் தள்ளினேன். எஞ்சின் இரண்டு மூச்சு உறுமியது, அப்புறம் யாரோ கையால் பிடித்த மாதிரி ப்ரொப்பல்லர் நெட்டுக்குத்தாக நின்றுவிட்டது. சிறகுக் கம்பிகளில் காற்று சீறும் சத்தம் மட்டும். வயலில் இறக்கினேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிரித்தபோது பிஸ்டனில் நான்கு மூலையிலும் விரல் அகலத்துக்கு உராய்ந்த பட்டை, அலுமினியம் மெழுகு போலத் தேய்த்து இழுத்திருந்தது. பிஸ்டன் சட்டென்று சூடாகி விரிந்திருக்கிறது, குளிர்ந்த தண்ணீர் சூழ்ந்த சிலிண்டர் விரியவில்லை. பிழை முழுக்க என்னுடையது. தெர்மோஸ்டாட்டை ஒருநாளும் கழற்றாதீர்கள். இறங்கும்போது எஞ்சினைக் கொஞ்சம் சூட்டோடு வைத்திருங்கள்.

இப்போது 912, 80 குதிரை. 2000 மணிநேரத்துக்கு ஒருமுறைதான் முழுப் பிரிப்பு, 582க்கு அது 300. பெட்ரோலும் மணிக்கு நான்கைந்து லிட்டர் குறைவு. ஆனால் எடை! விளம்பரத் தாளில் இருப்பது வெறும் எஞ்சின். சைலன்சர், ரேடியேட்டர், ஆயில் தொட்டி, தண்ணீர், குழாய்கள், தாங்கு சட்டம் எல்லாம் சேர்த்து நான் தராசில் வைத்தபோது 75 கிலோ. பழைய இரண்டு ஸ்ட்ரோக் அதே மாதிரி மொத்தமாக 58. பதினேழு கிலோவும் மூக்கில் வருகிறது. அதைச் சமன்செய்ய வாலில் ஈயம் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசே ஆறாது.

எதையும் வாங்கும் முன் எஞ்சின் இடத்தில் மணல் மூட்டை தொங்கவிட்டு, ஆள் உட்கார்ந்து, மூன்று சக்கரத்தின் கீழும் தராசு வைத்துப் பாருங்கள்.

ஒற்றைஇருக்கை சொன்னது:

கணக்கு சரிதான், ஆனாலும் ஃபோக்ஸ்வேகனைக் குறைத்துப் பேச மனம் வரவில்லை. என் தாழ்சிறகு வண்டி மணிக்கு 170 கிமீ போகும், அங்கே சின்ன ப்ரொப்பல்லர்தான் பொருத்தம். 1835 சிசி பத்து வருடமாக ஓடுகிறது. துணி விமானத்துக்கு அது தோதில்லை, அவ்வளவுதான்.

எதை மாட்டினாலும் கார்புரேட்டர் ஐஸை மறக்காதீர்கள். 15, 20 டிகிரி வெப்பத்திலும் ஈரக்காற்று இருந்தால் உள்ளே பனி கட்டும், பெட்ரோல் ஆவியாகும்போது அவ்வளவு குளிர்விக்கிறது. சுற்று மெல்ல மெல்லக் குறையும், காரணம் புரியாது. சூடான காற்றுக்கு ஒரு வழி முதலிலேயே வைத்துக் கட்டுங்கள்.

துணிச்சிறகு கேட்டது:

அண்ணா, நேற்று மணல் மூட்டை கட்டிப் பார்த்தேன். 58 கிலோவுக்கு எடைமையம் முன்விளிம்பிலிருந்து சிறகு அகலத்தில் 26 சதவீதத்தில் நிற்கிறது. 75க்கு 23. வரைபடத்தின் முன் எல்லை 24. ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் நமக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு) இருக்கும் 7 கிலோ பேட்டரியை இருக்கைக்குப் பின்னால் தள்ளினால் 25 வருகிறது, ஈயம் தேவைப்படவில்லை. காலி எடை 17 கிலோ ஏறினாலும் இரண்டு ஆளும் மூன்று மணிநேரப் பெட்ரோலும் 450க்குள் அடங்குகின்றன. அதனால் 912 பக்கம் சாய்ந்துவிட்டேன். பேட்டரி பின்னால் போனால் ஸ்டார்ட்டர் கேபிளை என்ன செய்வது?

மெதுவாகப்பற சொன்னது:

கேட்கவே சந்தோஷம். கேபிள் நீண்டால் தடிமனும் ஏற வேண்டும். மெல்லியதாக விட்டால் ஸ்டார்ட்டர் சோம்பிச் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. மெயின் ரிலேயை (பேட்டரி மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள், நீளக் கேபிளில் எப்போதும் மின்சாரம் நிற்கக் கூடாது. கேபிளின் எடையையும் சேர்த்து இன்னொரு தடவை தராசில் ஏற்றுங்கள்.