வனஸ்பதிய வச்சு ஆர்கானிக் கெமிஸ்ட்ரி ஒர்க்‌ஷீட், சரிப்படுமா?

தேக்கா_டீச்சர்:
செக் 4 (செகண்டரி நாலாம் வருஷம்) பிள்ளைங்களுக்கு ப்ராப்ளத்துல இருந்து ஆரம்பிக்கிற ஒர்க்‌ஷீட் ஒண்ணு எழுதுறேன். பகுதி ஹைட்ரஜன் ஏத்துன எண்ணெய (வனஸ்பதி அப்படிச் செஞ்சதுதான்) சிங்கப்பூர்ல 2021 ஜூன்ல தடை பண்ணாங்கல்ல, அதான் கேள்வி: "பாட்டி தீபாவளிப் பலகாரத்துக்கு வாங்குன வனஸ்பதில அப்படி என்ன இருந்துச்சு?" முதல் பக்கத்துல டெஃபனிஷன், ஃபார்முலா எதுவும் கிடையாது, அவங்களே தேடி கார்பன் இரட்டைப் பிணைப்புக்கு வந்து சேரட்டும். என்ன சொல்றீங்க?

ஜூரோங்_டியூட்டர்:
டீச்சர், தப்பா நினைக்காதீங்க, எனக்கு இது சரியா படல. அல்கேனுக்கும் (ஒற்றைப் பிணைப்பு மட்டும்) அல்கீனுக்கும் (இரட்டைப் பிணைப்பு இருக்கிறது) வித்தியாசம் தெரியாத பையன்கிட்ட வனஸ்பதிய நீட்டினா அவன் கூகிள்ல கொலஸ்ட்ரால் பத்தி ரெண்டு பக்கம் காப்பி பண்ணிட்டு வந்துருவான். தடைக்குக் காரணம் டிரான்ஸ் கொழுப்பு, சிஸ்-டிரான்ஸ்ங்கிறது, அதாவது இரட்டைப் பிணைப்புல வர்ற ரெண்டு வடிவம், ஜேசில (ஜூனியர் காலேஜ்) வர்ற பாடம். பரிட்சைல இரட்டைப் பிணைப்பக் கண்டுபிடிக்கிற டெஸ்ட்ல புரோமின் தண்ணி நிறம் போய் "கலர்லெஸ்" ஆச்சுன்னு எழுதாம "க்ளியர்"னு எழுதினாலே மார்க் போயிடும், அதெல்லாம் எப்ப சொல்லித் தர்றது?

தேக்கா_டீச்சர்:
கலர்லெஸ்ஸ நானும் விடமாட்டேன் தம்பி. ஆனா போன வாரம் நடந்தத கேளுங்க. ஒரு டெஸ்ட் டியூப்ல சூரியகாந்தி எண்ணெய், இன்னொண்ணுல அதே அளவு தேங்காயெண்ணெய், புரோமின் தண்ணிய சொட்டு சொட்டா விட்டு குலுக்கி, நிறம் போகாம நிக்கிற வரைக்கும் எத்தனை சொட்டுன்னு எண்ணச் சொன்னேன். முன்னாடியே ஊகம் எழுதச் சொன்னதுக்கு முக்கால்வாசிப் பேரு "ரெண்டும் தண்ணியாத்தான் இருக்கு, ரெண்டும் அன்சேச்சுரேட்டட்"னு (இரட்டைப் பிணைப்பு உள்ளதுன்னு) எழுதியிருந்தாங்க. சூரியகாந்தி நிறத்த முழுங்கிட்டே போகுது, தேங்காயெண்ணெய் கொஞ்சத்துலயே நின்னுட்டு மஞ்சளாவே கிடக்கு. ஒரு பொண்ணு பாட்டில தூக்கிக் காட்டுறா, ஏர்கான் குளிர்ல ஓரமெல்லாம் வெள்ளையா உறைஞ்சிருக்கு, "டீச்சர், இது வெளிய சூட்டுலதான் தண்ணியா இருக்கு"ங்கிறா. நான் போர்டுல எழுதிப் போட்டிருந்தா இது அவ கண்ணுல பட்டிருக்குமா?

உட்லண்ட்ஸ்_வாசி:
நான் ரிபப்ளிக் பாலிடெக்னிக்ல படிச்சவன், அங்க ஒரு நாளைக்கு ஒரு ப்ராப்ளம், காலைல கேள்வி, சாயந்திரம் குழுவா வந்து பதில் சொல்லணும். நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா முழு நாள் இருந்துச்சுல்ல. உங்களுக்கு ஒரு மணி நேரம்தான் அக்கா.

ஜூரோங்_டியூட்டர்:
அதையேதான் நானும் சொல்றேன். சொட்டு எண்ணுறது அருமை டீச்சர், நானே என் டியூஷன் பிள்ளைங்களுக்குச் செய்யணும்னு தோணுது. ஆனா அங்க நீங்க கேட்டது சின்ன கேள்வி, கையில எண்ணெய் இருந்துச்சு. வனஸ்பதிக் கேள்வில கையில ஒண்ணுமே இல்லையே.

தேக்கா_டீச்சர்:
ம்ம், அது உண்மைதான். அப்ப ரெண்டு டெஸ்ட் டியூப்ப முதல் பக்கத்துக்குக் கொண்டு வந்துடுறேன், அதுக்கப்புறம் நிக்கல் வச்சு ஹைட்ரஜன் ஏத்துனா சொட்டு எண்ணிக்கை கூடுமா குறையுமான்னு கேக்குறேன், வனஸ்பதி கடைசிப் பக்கம். டிரான்ஸ எடுக்க மாட்டேன். சிஸ், டிரான்ஸ் மூலக்கூறு ரெண்டுக்கும் படம் மட்டும் போட்டு, வளைஞ்சது எது நேரா இருக்கிறது எதுன்னு பாக்கச் சொல்றேன், பேரு ஜேசில படிச்சுக்கட்டும்.

ஜூரோங்_டியூட்டர்:
படம் போட்டா பேரு கேப்பாங்க டீச்சர். சரி, எழுதி முடிச்சதும் அனுப்புங்க, என் வீக்கான பசங்க நாலு பேருகிட்ட குடுத்துப் பாக்குறேன்.