நாய், பூனை தத்தெடுப்பு ஆப்: உங்கள் யோசனை தேவை

வணக்கம். சென்னைத் தெருக்களில் மீட்கப்படும் குட்டிகளுக்கு வீடு தேடித்தர ஒரு ஆண்ட்ராய்டு ஆப் வடிவமைக்கிறோம். ஃப்ளட்டர் என்ற ஆப் எழுதும் கருவியில் எழுதுகிறோம், பின்னால் தகவலைச் சேமிக்க கூகுளின் ஃபயர்பேஸ்.

முதல் தலைவலி, காலாவதியான பதிவுகள். குட்டி வீடு சேர்ந்த பிறகும் அதன் படம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும். நாலு இடத்தில் விசாரித்து "கொடுத்தாச்சு" என்ற பதிலையே கேட்டவர் காசு கொடுத்து வாங்கப் போய்விடுகிறார். அதனால் 7 நாளில் பதிவு தானாக மறையும். மீட்டவர் ஒரு பட்டனைத் தட்டினால் நீளும். 7 நாள் சரியா?

தடுப்பூசிக்கு "போட்டாச்சு" என்று ஒரே டிக் வைப்பது ஆபத்து. நாய்க்குட்டிகளைக் கொல்லக்கூடிய பார்வோ வைரஸ் நோய்க்கான ஊசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3, 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை போடவேண்டியது. ரேபிஸ் ஊசி 12 வாரத்துக்குப் பிறகு. ஒரே டோஸ் போட்ட குட்டியைத் தெருவில் நடக்கவிட்டால் பார்வோ தொற்றிக்கொள்ளலாம். ஆகவே ஒவ்வொரு ஊசிக்கும் தேதி, அட்டையின் படம், அடுத்த ஊசிக்கு நினைவூட்டல் கேட்கிறோம். மருத்துவர்கள் யாராவது இந்தப் படிவத்தைப் பார்த்துத் தருவீர்களா?

8 வாரம் ஆகாத குட்டிக்கு விண்ணப்பப் பட்டன் திறக்காது. தாயில்லாத குட்டிகளுக்கு விலக்கு தரலாமா?

இலவசமாக வாங்கி விற்பவர்கள் இருப்பதால் போன் எண்ணைக் காட்டுவதில்லை, உள்ளேயே சாட்தான். வாடகைக்கு இருப்பவர்களிடம் வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை எப்போது கேட்பது? முதலிலேயே கேட்டால் பலர் பாதியில் விட்டுவிடுவார்கள். கடைசியில் கேட்டால் குட்டி திரும்பி வரும். மீட்புப் பணியில் இருப்பவர்கள் அவசியம் சொல்லுங்கள்.