கல்லுப்பும் கற்கண்டும்: வகுப்பில் கரைத்துப் பார்த்தவர்கள் பகிர்ந்தவை

கல்லுப்பா பொடியுப்பா, எது சீக்கிரம் கரையும் என்று பார்க்கும் சோதனைக்கு நான் பாக்கெட் பொடியுப்பு வாங்குவதில்லை. எங்கள் பக்கம் புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பு எளிதாகக் கிடைக்கும். அதிலேயே பாதியை மிக்சியில் ஓட்டிப் பொடித்துக்கொள்வேன். பாக்கெட் உப்பில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருளால் தண்ணீர் லேசாகக் கலங்கும். உப்பு இன்னும் கரையவில்லை என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். உப்பு ஒன்றே, எடை ஒன்றே, தண்ணீரும் சூடும் ஒன்றே. பருமன் மட்டும்தான் மாற வேண்டும்.

பொடி முந்தும் என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகும். போர்டில் கணக்குப் போட்டேன். 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்துக்குப் பரப்பு 6 ச.செ.மீ. அதையே 1 மி.மீ. துண்டுகளாக வெட்டினால் 1000 துண்டு, மொத்தப் பரப்பு 60 ச.செ.மீ. தண்ணீர் தொடும் இடம் பத்து மடங்கு.

கடைசி பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். "அப்போ பொடிச்சா நிறைய உப்பு கரையுமா டீச்சர்?"

எனக்கு அவ்வளவு சந்தோஷம்! பதில் சொல்லாமல் அவளையே செய்யச் சொன்னேன். 100 மி.லி. தண்ணீரில் சுமார் 36 கிராம்தான் கரையும். அதற்குமேல் போட்ட பொடி, எவ்வளவு கலக்கியும் அடியிலேயே கிடந்தது. வேகம் வேறு, அளவு வேறு என்பதை அவளே எல்லோருக்கும் சொன்னாள்.

*

டீச்சர் சொன்னதோடு, இரணியல் பக்கம் என் வகுப்பில் நடந்ததையும் சேர்க்கிறேன். நாங்கள் எடுத்தது பனங்கற்கண்டு. ஒரே பருமனில் இரண்டு துண்டு. ஒன்று தம்ளரின் அடியில். இன்னொன்றை ஒரு பையன் நூலில் கட்டி, தண்ணீரின் மேல்மட்டத்தில் முங்கும்படி தொங்கவிட்டான். "இதுவும் அதே நேரம்தான் ஆகும் சார், பரப்பு ஒண்ணுதானே" என்று மற்றவர்கள் அடித்துச் சொன்னார்கள்.

ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தம்ளரைத் தூக்கிக் காட்டினேன். தொங்கிய கற்கண்டிலிருந்து கரைசல் இழை இழையாகக் கீழே இறங்குவது தெளிவாகத் தெரிந்தது. இனிப்புத் தண்ணீருக்குக் கனம் அதிகம், அதனால் அது இறங்க, புதுத் தண்ணீர் வந்து கற்கண்டைத் தொடுகிறது. அடியில் கிடந்ததோ தன் பாகுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. தொங்கியது முழுக்கக் கரைந்தபோதும் அடியில் நல்ல துண்டாக மிச்சம் இருந்தது.

பரப்போடு பாடத்தை நிறுத்திவிடாதீர்கள், இதையும் ஒருமுறை செய்து காட்டுங்கள். கலக்கக் கூடாது என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்பூன் கையில் கிடைத்தால் பிள்ளைகள் சும்மா இருக்க மாட்டார்கள்.