உப்பங்கழியில் ஒரு பிற்பகல்: பேத்தை மீனும் எங்கள் இளைய நாயும்

நானும் என் கணவரும் உப்பங்கழிக்குத் தூண்டிலுடன் போகும்போது எங்கள் நாய்கள் இரண்டும் உடன் வருவது வழக்கம். மூத்தவன் மணி, நிழல் பார்த்துப் படுத்துவிட்டால் நாங்கள் புறப்படும் வரை அசைய மாட்டான். ஒன்றரை வயதுச் சில்லுவோ, தண்ணீரில் எது துள்ளினாலும் தன்னை விளையாட அழைப்பதாகவே எண்ணுபவள். அவளுக்கு நேர்ந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அன்று வற்றம், அதாவது கடல்நீர் வடியும் நேரம், முடிய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருக்கும்போது கரையை அடைந்தோம். கழியில் மீன் பிடிக்க நாங்கள் நம்பும் நேரம் அதுதான். ஓதம் (கடல்நீர் ஏற்றம்) ஏறியபோது கண்டல் மரங்களுக்கிடையே புகுந்த நீர் வடியத் தொடங்கினால், அங்கே மேய்ந்துகொண்டிருந்த இறாலும் மடவைக் குஞ்சுகளும் சிற்றோடைகள் வழியாக வெளியேறியே ஆக வேண்டும். அந்த ஓடைகள் கழியில் கலக்கும் இடத்தில், விழுந்து கிடக்கும் மரத்தின் அடியில், கொடுவா மீன் காத்துக் கிடக்கும். அது இரையை உறிஞ்சும்போது எழும் 'டொப்' என்ற ஓசையை ஒருமுறை கேட்டவர்கள் அந்த இடத்தை விட்டு எளிதில் நகர மாட்டார்கள். என் கணவர் அத்தகைய ஓடை வாயொன்றைப் பிடித்துக்கொண்டார். நான் சற்று மேலே, மணல் கலந்த திட்டில் நின்று கிழங்கான் மீனுக்கு இறால் துண்டு கோத்துப் போட்டேன். நாய்களுக்கென்று இரண்டு லிட்டர் குடிநீரும் ஒரு கிண்ணமும் கொண்டு போயிருந்தோம், ஏனெனில் தாகத்தில் உப்பு நீரைக் குடித்துவிட்டால் வாந்தியும் பேதியும் கண்டு, தாகம் மேலும் கூடும். சிப்பி ஒட்டிய வேர்களில் பாதம் கிழியாதிருக்க அவற்றைத் திட்டிலேயே நிறுத்திவைத்தோம். இவ்வளவு முன்யோசனை இருந்தும், எனக்கு எதிரே நடந்ததை நான் கவனிக்கத் தவறினேன்.

முதல் அரை மணி நேரத்தில் என் தூண்டில் முள் மூன்று முறை காணாமற்போனது. தூண்டில் நரம்பு (முள்ளைக் கட்டும் இழை) பாறையில் உரசி அறுந்திருந்தால் முனை பிசிறியிருக்கும்; இதுவோ கத்தரியால் நறுக்கியதைப் போலிருந்தது. பேத்தையின் பற்கள் ஒன்றிணைந்து கிளியின் அலகைப் போல அமைந்தவை. அப்படி நறுக்குவது பெரும்பாலும் அதுதான். அப்போதே இடத்தை மாற்றியிருக்க வேண்டும். மாற்றாமல் நான்காவது முள்ளைக் கட்டினேன், அது கைக்கு வந்தது: உள்ளங்கையளவுப் பேத்தை, பந்தாக ஊதிக்கொண்டு. முள்ளைக் கழற்றியபோது அது கையிலிருந்து நழுவி எனக்குப் பின்னால் மணலில் உருண்டது. பந்தென்றால் சில்லுவுக்குச் சொல்லவா வேண்டும்!

பேத்தையின் ஈரல், சினை, தோல் ஆகியவற்றில் டெட்ரோடோடாக்சின் என்னும் நஞ்சு இருக்கிறது. சமைத்தாலும் அது அழிவதில்லை. அதற்கு மாற்று மருந்தும் கிடையாது. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து, முடிவில் மூச்சு நின்றுவிடும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும் என்பதுதான் அந்தக் கணத்தில் என்னை நடுங்க வைத்தது. நான் கத்திய கத்தலில் என் கணவர் தூண்டில் கோலைச் சேற்றில் குத்திவிட்டு ஓடி வந்தார். "நீ தலையைப் பிடிச்சுக்கோ, நான் வாயைத் திறக்கிறேன்" என்றார். மீன் முழுதாகவே வெளியே வந்தது. தோலில் பற்குறி மட்டும் இரண்டு இடங்களில் பதிந்திருந்தது. கொண்டு வந்த குடிநீர் முழுவதையும், தொண்டைக்குள் இறங்காதபடி அவள் தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் ஊற்றி, ஈறுகளையும் நாக்கையும் துணியால் துடைத்தோம். கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தபோது, நாங்களாக வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்றும், உடனே கொண்டுவர வேண்டும் என்றும், வழியில் எச்சில் ஒழுகுகிறதா, பின்னங்கால்கள் தள்ளாடுகின்றனவா, மூச்சு சீராக இருக்கிறதா என்று கவனித்துக்கொண்டே வர வேண்டும் என்றும் சொன்னார்.

நாங்கள் பொருட்களை அள்ளிக்கொண்டிருந்தபோதுதான் ஓடை வாயில் அந்த 'டொப்' கேட்டது. சேற்றில் குத்தியிருந்த கோல் வளைந்தது, சாய்ந்தது, வழுக்கிக்கொண்டு நீருக்குள் போயிற்று. என் கணவர் அதைப் பார்த்தார். ஒரு சொல்லும் சொல்லாமல் சில்லுவைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவருடைய பொறுமையைப் பற்றி நான் இதுவரை சொல்லியிருக்கும் குறைகளையெல்லாம் அந்த நடையைப் பார்த்தபின் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

சில்லு சிறிது எச்சில் வடித்ததோடு சரி. மருத்துவமனையில் இரவு வரை கண்காணிப்பில் வைத்திருந்து அனுப்பினார்கள். மணி வழக்கம்போல் வண்டியிலேயே உறங்கிவிட்டான்.

ஓதம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி வருவதால், மறுநாள் அதற்கேற்பத் தாமதமாக, வற்றத்தின் அடிமட்டத்தில் இருவர் மட்டும் போனோம். மூடியுள்ள வாளியொன்று இம்முறை என் கையில் இருந்தது. கோல், விழுந்த மரத்துக்கு அப்பால் மூச்சுவேர்களுக்கிடையே சிக்கிக் கிடந்தது. சுருளில் சேறு ஏறியிருந்தது. நரம்பு மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி அறுந்திருந்தது. என் கணவர் அதன் முனையை எடுத்து என்னிடம் காட்டினார். பிசிறியிருந்தது.