டெக்ஸாஸில் வீடு வாங்கியாச்சா? ஹோம்ஸ்டெட் ஃபார்ம் போட்டாச்சா?

டல்லாஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் புதிதாக வீடு வாங்கிக் குடிபோனவர்களுக்காக இந்த இழை. இங்கே மாநில வருமான வரி கிடையாது என்று கேட்டுத்தான் பாதிப் பேர் வந்திருப்பீர்கள். அதற்கும் சேர்த்து ப்ராப்பர்ட்டி டாக்ஸில் வாங்கிவிடுவார்கள். அதைக் குறைக்க முதல் வழி ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ப்ஷன், அதாவது சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகை. தானாக வராது, கேட்டால்தான் கிடைக்கும்.

போட வேண்டிய இடம் உங்கள் கவுண்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட், அதாவது வரிக்காக வீட்டு மதிப்பை நிர்ணயிக்கும் அலுவலகம். பில் அனுப்பும் டாக்ஸ் ஆபீஸ் அல்ல. ஃபார்ம் எண் 50-114. சல்லிக்காசு கட்டணம் கிடையாது. வீடு பதிவானதும் அரசாங்கக் கடிதம் மாதிரியே ஒன்று தபாலில் வரும், "கட்டணம் அனுப்புங்கள், நாங்கள் பதிந்து தருகிறோம்" என்று. நேராகக் குப்பையில் போடுங்கள்.

முதலில் ட்ரைவர் லைசென்ஸில் முகவரியை மாற்றுங்கள். லைசென்ஸில் பழைய அபார்ட்மென்ட், ஃபார்மில் புது வீடு என்று இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன், எனக்குக் கிடைக்குமா என்று நிறையப் பேர் தயங்குகிறார்கள். வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், அதுவே நீங்கள் குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும். குடியுரிமை கேட்பதில்லை.

என்ன மிச்சம்? ப்ராப்பர்ட்டி டாக்ஸில் ஒரு பகுதியான பள்ளி மாவட்ட வரிக்கு வீட்டு மதிப்பிலிருந்து 1,40,000 டாலரைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போடுவார்கள். முன்பு 1,00,000ஆக இருந்ததை 2025 நவம்பர் வாக்கெடுப்பில் உயர்த்தினார்கள். பள்ளி வரி நூறு டாலருக்கு ஒரு டாலர் என்று வைத்துக்கொண்டாலே வருஷம் 1,400 டாலர். என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய லாபம் 10 சதவீத உச்சவரம்பு: சந்தை எவ்வளவு ஏறினாலும் வரிக்கான மதிப்பு ஒரு வருஷத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது. எக்ஸெம்ப்ஷன் கிடைத்ததற்கு அடுத்த வருஷத்திலிருந்துதான் இது ஓடத் தொடங்கும். அதனால்தான் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன்.

கெடு ஏப்ரல் 30. தவறவிட்டாலும் பதற வேண்டாம், தாமத விண்ணப்பத்துக்கு இரண்டு வருஷம் வரை இடம் உண்டு.

பில்டரிடம் புது வீடு வாங்கியவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். எல்லா மதிப்பும் ஜனவரி 1 அன்று இருந்த நிலைதான். அன்று உங்கள் மனையில் அஸ்திவாரம்கூட விழவில்லை என்றால் முதல் வருஷ பில் வெறும் நிலத்துக்கு மட்டும் வரும். அதை நம்பி எஸ்க்ரோ (வரி கட்டுவதற்காக லோன் கம்பெனி மாதத் தவணையோடு சேர்த்துப் பிடிக்கும் பணம்) கணக்குப் போட்டிருந்தால் மாதத் தவணை சின்னதாகத் தெரியும். அடுத்த வருஷம் முழு வீட்டுக்கும் பில் வந்ததும், லோன் கம்பெனியிடமிருந்து எஸ்க்ரோ பற்றாக்குறை என்று கடிதம் வரும்: பழைய பாக்கிக்கும் சேர்த்துத் தவணை எகிறும். முதல் வருஷத் தவணையைப் பார்த்து உடனே இன்னொரு கார் எடுத்துவிடாதீர்கள்.

"அப்பாவுக்கு 68 வயது, கிரீன் கார்டில் எங்களோடு இருக்கிறார், சீனியர் சலுகை கிடைக்குமா?" என்று கேட்டிருந்தீர்கள். 65 வயதானவர்களுக்குக் கூடுதல் கழிவு உண்டு, பள்ளி வரியும் அந்த வயதில் இருந்த தொகையிலேயே நின்றுவிடும். ஆனால் அவர் வீட்டின் உரிமையாளராக இருக்க வேண்டும். பத்திரத்தில் பெயர் இல்லாமல் கூட இருந்தால் மட்டும் போதாது. இதற்காகவே பெயரைச் சேர்க்கலாமா? எனக்கு உடன்பாடில்லை. நாளைக்கு வாரிசுப் பிரச்சினை, லோன் பிரச்சினை என்று இழுக்கும். வக்கீலைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

அதே வயதில் வரியைத் தள்ளிவைக்கவும் முடியும், ஃபார்ம் 50-126. தள்ளுபடி என்று நினைத்துவிட வேண்டாம். கட்டாத வரி சேர்ந்துகொண்டே இருக்கும், வருஷம் 5 சதவீத வட்டியோடு வீட்டின் மேல் கடனாக நிற்கும். அவர் வீட்டைவிட்டுப் போன பிறகோ காலமான பிறகோ 180 நாள் அவகாசம், அதற்குப் பிறகு முழுசாக வசூல். வீட்டுக் கடன் இன்னும் ஓடுகிறதென்றால் லோன் கம்பெனி இதற்கு ஒத்துக்கொள்ளுமா என்று முதலில் கேளுங்கள். கடன் அடைந்த வீட்டில், பென்ஷனை மட்டும் நம்பி இருக்கும் பெரியவருக்குத்தான் இது நிஜமான உதவி.

ஊருக்கு ஒரு வருஷம் போய்வருகிறீர்களா? திரும்பி வரும் எண்ணம் இருந்து, வேறு எங்கும் நிரந்தரமாகக் குடியேறாமல் இருந்தால், இரண்டு வருஷத்துக்குட்பட்ட தற்காலிகப் பயணத்தால் சலுகை போகாது. வீட்டை வாடகைக்கு விட்டு வேறு வீட்டுக்கு மாறினால் போய்விடும், நீங்களே தெரிவிக்க வேண்டும். இப்போது ஐந்து வருஷத்துக்கு ஒரு முறையாவது சரிபார்க்கிறார்கள். அந்தக் கடிதம் வந்தால் விளம்பரம் என்று தூக்கிப் போடாமல் பதில் அனுப்புங்கள்.

ஃபார்ம் போட்டுச் சில வாரம் கழித்து அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் உங்கள் முகவரியைத் தேடிப் பாருங்கள். எக்ஸெம்ப்ஷன் ஏறியிருந்தால் அந்தப் பக்கத்தை லோன் கம்பெனிக்கு அனுப்பி, எஸ்க்ரோவை மறுபடி கணக்குப் போடச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பழைய தொகையையே பிடித்துக்கொண்டிருப்பார்கள்.